பி அறிக்கையிலிருந்து அச்சு வரை: கொழும்பில் ஒரு புலனாய்வு நெடுங்கட்டுரை செய்வது எப்படி

அதிகாரம், குற்றம், போர் பற்றி எழுத வருகிறவர்கள் எடிட்டரிடம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரு தலைப்பைத்தான். "காணாமல் ஆக்கப்பட்டோர்", "பாதாள உலகம்", "காணி அபகரிப்பு". தலைப்பை வைத்து ஆசிரியர் தலையங்கம் எழுதலாம், பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுத முடியாது. அதற்கு ஒரு ஆள், ஒரு முடிவு, ஒரு கோப்பு வேண்டும். புதுக்கடை நீதிமன்றத்தில் 2009இல் தொடங்கிய ஒரு வழக்குக் கோப்பு எந்த மேசையில் எத்தனை வருடம் கிடந்தது, யாருடைய கையெழுத்தில் நகர்ந்தது, யாருடைய கையெழுத்தில் நின்றது என்றால் அது கட்டுரை. யார் செய்தார், யாருக்குச் செய்தார், என்ன செய்தார், செய்யச் சொன்னவர் யார், அதற்கான தாள் எங்கே இருக்கிறது என்று ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்காவது விடை இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வாரம் தேடிவிட்டு வாருங்கள்.

காலக்கணக்கையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். முழுநேரமாகச் செய்தாலும் மூன்று மாதம், பக்கவேலையாகச் செய்தால் ஆறு மாதம். ஆங்கிலத்தில் 6,000 சொல் வரும் ஒரு கட்டுரை தமிழில் 4,000 சொல் அளவில் அடங்கிவிடும். ஆனால் நம் சொற்கள் நீளமானவை, பக்கத்தில் இடம் மிஞ்சாது. இதைத் தெரியாமல் 7,000 சொல் எழுதிக்கொண்டு வருகிறவர்களின் கட்டுரையில் பாதி வெட்டுப்படும்.

காலவரிசை

முதல் நாளே ஒரு விரிதாள் திறவுங்கள். எட்டு நிரல்கள் போதும்: திகதி, நேரம், இடம், யார், என்ன நடந்தது, எந்த மூலம், அந்த மூலத்தின் மொழி, எவ்வளவு உறுதி. உறுதிக்கு அ, ஆ, இ என்று மூன்று தரம் வையுங்கள். ஆவணத்தாலும் ஆளாலும் நிரூபணமானது அ. ஒன்றால் மட்டும் என்றால் ஆ. கேள்விப்பட்டது இ. கட்டுரை முடியும்போது 300 வரிசை சேர்ந்திருக்கும். அச்சுக்குப் போகும்போது இ வரிசையில் உள்ள எதுவும் கட்டுரையில் இருக்கக்கூடாது. எழுதத் தொடங்குமுன் இந்தத் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்தால் ஓட்டை எங்கே என்று தானாகத் தெரியும். ஏப்ரல் 3இல் கைது, ஏப்ரல் 19இல் நீதவான் முன் ஆஜர் என்று இருந்தால், இடையில் உள்ள பதினாறு நாள்தான் உங்கள் கட்டுரை.

திகதிகள் சிக்கலானவை. போர் எப்போது முடிந்தது என்று கேட்டால் ஒரே வாரத்தில் மூன்று விடை கிடைக்கும். 2009 மே 16இல் ஜோர்தானில் நடந்த மாநாட்டில் அன்றைய ஜனாதிபதி புலிகள் தோற்கடிக்கப்பட்டதாகச் சொன்னார். தமிழர்கள் நினைவுகூர்வது மே 18. நாடாளுமன்றத்தில் அறிவித்தது மே 19. "போர் முடிந்து இரண்டு நாளில் பிடிச்சவங்கள்" என்று சாட்சி சொன்னால், எந்த முடிவிலிருந்து எண்ணுகிறார் என்று கேட்க வேண்டும். "பாதுகாப்பு வலயத்துக்குள்ள இருந்தனாங்கள்" என்பதும் அப்படித்தான். பொதுமக்கள் ஒதுங்க என்று அரசு 2009 ஜனவரியில் அறிவித்தது சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பக்கம். பெப்ரவரி 12இல் அறிவித்தது புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கடற்கரைத் துண்டு. மே 8இல் அதுவும் சுருங்கியது. எந்த வலயம் என்று தெரியாமல் எந்த ஷெல் அடி என்றும் எழுத முடியாது.

ஊரில் பலருக்குத் திகதி ஞாபகம் இருக்காது, திருவிழா ஞாபகம் இருக்கும். நல்லூர்த் தேருக்கு முதல்நாள், மடு ஆடித் திருவிழா முடிஞ்சு வரேக்கை, வெசாக் போயாவுக்கு அடுத்த நாள். இவை பொன்னான சாட்சியங்கள், திகதியாக மாற்ற மட்டும் கவனம் வேண்டும். மடு ஆடித் திருவிழா ஜூலை 2, ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15, மாறாது. கோயில் திருவிழாக்கள் திதியோடு நகரும். அதற்கு அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தையே பார்க்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சிலவேளை ஒரு நாள் வேறுபடும் என்பதால், அந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறது என்றும் கேளுங்கள். ஒரு நாள் பிசகினால் பொலிஸ் குறிப்போடு உங்கள் சாட்சி பொருந்தாது. அதற்குப் பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேறு எதுவும் தேவையில்லை.

தாள்கள்

குற்றக் கட்டுரைக்கு முதல் தாள் பி அறிக்கை. பொலிஸ் ஒரு விசாரணையை நீதவானுக்குத் தெரிவிக்கும் அறிக்கை அது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் வருவது. முதல் அறிக்கைக்குப் பிறகு மேலதிக அறிக்கைகள் தொடரும். எல்லாவற்றையும் திகதி ஒழுங்கில் அடுக்கி வாசியுங்கள். முதல் அறிக்கையில் நான்கு பேர், மூன்றாவதில் இரண்டு பேர், ஐந்தாவதில் "விசாரணை தொடர்கிறது" என்று ஒற்றை வரி என்று இருந்தால், மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் யார் இடமாற்றம் பெற்றார் என்று பாருங்கள். பிரதி எடுக்க ஒரு சட்டத்தரணியின் மூலம் விண்ணப்பிப்பதுதான் சுலபம். வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும்போது இலக்கம் மாறும். பழைய பி இலக்கத்தை வைத்துக்கொண்டு தேடி, "கோப்பு இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் அதிகம். இரண்டு இலக்கங்களையும் காலவரிசைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

பி அறிக்கையில் இருப்பது பொலிஸார் சொல்வது. நீதிமன்றத்தில் கிடக்கிறது என்பதற்காக அது நீதிமன்றத்தின் முடிவாகாது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு என்றால் இன்னும் ஒரு படி கவனம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அந்த வாக்குமூலத்திலிருந்து ஒரு வரியை எடுத்து "அவர் ஒப்புக்கொண்டார்" என்று எழுதுமுன், அது எந்த மொழியில் எழுதப்பட்டது, கையெழுத்து வைத்தவருக்கு அந்த மொழி தெரியுமா, பின்னர் நீதிமன்றத்தில் அதை மறுத்தாரா என்று மூன்றையும் தேடி எழுதுங்கள்.

தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். காரணம் எளிது, கணக்கு நீளம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலருக்கு 14 வேலை நாள். அதற்கு மேல் 21 நாள் நீடிக்கலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன்பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கூட்டிப் பாருங்கள், மூன்றாம் மாதம் விண்ணப்பித்தவருடைய கட்டுரை அச்சாகிப் பழைய பேப்பர்க் கடைக்குப் போனபிறகுதான் பதில் வரும்.

கேட்கும் விதத்தில்தான் பாதி வெற்றி. "விசாரணை ஏன் தாமதம்?" என்று கேட்டால் அலுவலர் ஒரு பத்தி எழுதித் தள்ளிவிடுவார், அல்லது இது தகவல் அல்ல என்பார். "2015.01.01 முதல் 2019.12.31 வரை இன்ன இலக்க வழக்குத் தொடர்பாக உங்கள் திணைக்களம் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள்" என்று கேளுங்கள். கேட்பது தாளை. விளக்கத்தைத் தாளே சொல்லும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயம் மட்டும். ஏழு விடயம் கேட்டால் ஒன்றுக்கு உள்ள மறுப்பு ஏழுக்கும் பொருந்திவிடும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் கேட்கலாம். கொடுத்தவுடன் பற்றுச்சீட்டை வாங்கிவிடுங்கள், அது இல்லாவிட்டால் மேன்முறையீட்டில் நாள் எண்ண முடியாது. தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால் பின்வாங்க வேண்டாம். விலக்குகளைச் சொல்லும் அதே 5ஆம் பிரிவின் 4ஆம் உபபிரிவு, பொதுநலன் மேலோங்கினால் கொடுக்க வேண்டும் என்கிறது. மேன்முறையீட்டில் அந்த உபபிரிவை எண்ணோடு எழுதுங்கள்.

மற்றத் தாள்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் படிவம் 15 வருடாந்த விபரத்திரட்டு, படிவம் 20 பணிப்பாளர் மாற்றம். ஐந்து வருடத்துப் படிவம் 15ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பங்கு யாருடைய பெயரிலிருந்து யாருடைய சாரதியின் பெயருக்கு நகர்ந்தது என்று தெரியும். காணிப் பதிவகத்தில் உறுதிப்பத்திர இலக்கத்தைவிடப் பதிவேட்டின் பக்க இலக்கத்தைத் தேடுங்கள், பின்னோக்கிப் போக அதுதான் வழி. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, அரச நிறுவனங்களை ஆராயும் நாடாளுமன்றக் குழுவான கோப் குழுவின் அறிக்கை, வர்த்தமானி எல்லாம் இணையத்தில் உண்டு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்துக்குப் பிறகு சொத்து விபரங்களும் சில பகுதிகள் மறைக்கப்பட்டு வெளிவருகின்றன. நாடாளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் ஒவ்வொரு உறுப்பினரும் பேசிய மொழியிலேயே பதிவு இருக்கும். ஆகவே தமிழில் பேசிய எம்.பி. ஒருவரின் கூற்றை ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து மொழிபெயர்த்துப் போடுவது மன்னிக்க முடியாத சோம்பல்.

மூன்று மொழியில் ஒரு சம்பவம்

கொழும்பில் தமிழில் எழுதும் புலனாய்வுக் கட்டுரைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு தாய் சொல்கிறார்: "இரவு வந்து பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்." தமிழில் இது கைதாகவும் இருக்கலாம், கடத்தலாகவும் இருக்கலாம். பொலிஸ் நிலையத்தில் அது சிங்களத்தில் எழுதப்படும். "அத்அடங்குவட்ட கத்தா" என்று எழுதினால் கைது. "பெஹெரகென கியா" என்றால் கடத்தல். "அத்துருதஹன்" என்றால் காணாமல் போனார், அதாவது யாரும் எதுவும் செய்யவில்லை. கைது என்றால் காவலில் வைத்த பதிவு எங்கோ இருக்க வேண்டும், அதைக் கேட்கலாம். கடத்தல் என்றால் தண்டனைச் சட்டக்கோவைக் குற்றம். காணாமல் போனார் என்றால் அது வெறும் முறைப்பாடு. ஒரு வினைச்சொல்லை எழுதிய பேனா அந்தக் குடும்பத்தின் அடுத்த பதினைந்து வருடத்தைத் தீர்மானித்திருக்கக்கூடும். பிறகு அந்தச் சிங்களத் தாள் ஆங்கிலமாகி ஒரு ஆணைக்குழு அறிக்கையில் ஏறும். நீங்கள் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி அந்தத் தாயின் வாயில் வைப்பீர்கள்.

ஆகவே மேற்கோள் எல்லாவற்றுக்கும் மூன்று நிரல் வையுங்கள்: சொன்ன மொழியில் சொன்னபடி, பதிவான மொழியில் பதிவானபடி, கட்டுரையில் வரும் தமிழில். சிங்கள ஆவணத்தை மொழிபெயர்க்க ஒருவர், சரிபார்க்க இன்னொருவர். இருவரும் ஒரே அறையில் இருக்கக்கூடாது.

பெயர்களும் இப்படித்தான் உருமாறும். தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போய் ஆங்கிலத்துக்கு வந்து தமிழுக்குத் திரும்பும்போது தகப்பன் பெயர் மகன் பெயராகிவிடும். ஆளை உறுதிசெய்ய அடையாள அட்டை இலக்கம் உதவும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கத்தோடு ஒரு எழுத்து. முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 78542 என்று தொடங்கினால் 1978 பெப்ரவரி 11இல் பிறந்த பெண். ஒரு பொறி உண்டு: பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றுதான் கணக்கு. 78245 என்றால் 1978 செப்டெம்பர் 1. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் செப்டெம்பர் 2 என்று பிழையாக வரும். இலக்கத்தை வைத்து ஆளை உறுதிசெய்யுங்கள், அச்சில் மட்டும் போட வேண்டாம்.

ஆட்கள்

வெளி வட்டத்திலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் ஓய்வுபெற்ற அதிகாரி, சட்டத்தரணி, எழுதுவினைஞர். பிறகு அயலவர், உறவினர். பிறகு பாதிக்கப்பட்டவர். கடைசியில் குற்றம் சுமத்தப்படுகிறவர். தலைகீழாகச் செய்தால் முதல் கிழமையே விடயம் பரவி, கோப்புகள் "தேடப்படுகின்றன" என்ற நிலைக்கு வந்துவிடும். இரண்டு ரெக்கோடர் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெயரோடு போடலாமா, பெயர் இல்லாமலா, எழுதவே கூடாதா என்பதைப் பேச்சுக்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டும். "உங்கட பெயர், ஊர், வயது மூண்டும் பேப்பரில வரும், சம்மதமா அம்மா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயரை மறைத்து ஊரையும் தொழிலையும் போட்டால், அந்த ஊரில் அந்தத் தொழில் செய்யும் ஒரே ஆள் அவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலர் ஐந்தாறு ஆணைக்குழு முன் பேசியவர்கள். அவர்களிடம் நன்றாகப் பழகிப்போன ஒரு வடிவம் இருக்கும். அதை இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, பிறகு சின்னச் சின்னதாகக் கேளுங்கள். "வெள்ளை வான் வந்தது" என்பார்கள். கதவு பக்கவாட்டில் இழுபடுவதா, பின்னால் திறப்பதா? இலக்கத்தகடு இருந்ததா? முதலில் பேசியவர் எந்த மொழியில் பேசினார்? பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, அட்டையைக் கேட்டாரா? பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் பட்டியல் ஒன்று இருந்திருக்கிறது. முன்பு கொடுத்த வாக்குமூலத்தோடு இப்போது சொல்வது வேறுபட்டால் அதைப் பொய் என்று எண்ண வேண்டாம். எது இரண்டிலும் மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள், கட்டுரைக்கு அது போதும்.

"மூன்று பத்திரிகையில் வந்திருக்கிறது" என்பது மூன்று மூலம் ஆகாது. மூன்றும் ஒரே பொலிஸ் பேச்சாளரின் ஒரே குறிப்பிலிருந்து வந்திருக்கும். எண்ண வேண்டியது வேரைத்தான்.

எழுத்து

செய்தித் தமிழின் சில பழக்கங்களைக் கைவிட வேண்டும். "கூறப்படுகிறது", "தெரிவிக்கப்படுகிறது" என்று வரும் இடத்திலெல்லாம் கூறியவர் யார் என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த வரி வேண்டாம். "சுடப்பட்டார்" என்ற செயப்பாட்டுவினைக்குள் சுட்டவர் ஒளிந்துகொள்வார். யார் என்று நீதிமன்றம் தீர்த்திருந்தால் செய்வினையில் எழுதுங்கள், தீராவிட்டால் "சுட்டது யார் என்று இதுவரை தீர்ப்பில்லை" என்று தெளிவாகவே சொல்லுங்கள். சந்தேகநபர், எதிரி, குற்றவாளி மூன்றும் மூன்று கட்டம். நீதிமன்றத் தமிழில் எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர், போர்க் கட்டுரையில் அதே சொல் வந்தால் வாசகர் வேறு விதமாகத்தான் எடுப்பார். அந்த இடத்தில் நீட்டி எழுதிவிடுங்கள்.

மூன்றாம் பத்தியில் 1948இல் தொடங்கி 1956, 1983 என்று ஒரு வரலாறு வருவது வழக்கம். நம் வாசகருக்கு அது தேவையில்லை. ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிக்கும் ட்ரயல் அட் பார் என்றால் என்ன என்பதுதான் அவருக்குத் தெரியாதது. அந்த இடத்தில் இரண்டு வரி செலவழியுங்கள்.

சரிபார்ப்பும் சட்டமும்

கட்டுரையை இரட்டை இடைவெளியில் அச்சிட்டு, எழுதாத ஒருவரிடம் கொடுங்கள். பெயர், வயது, திகதி, தூரம், பதவி, நிறம் என்று ஒவ்வொரு தகவலுக்கும் கீழே கோடு, ஓரத்தில் காலவரிசைத் தாளின் வரிசை எண். எண் இல்லாத கோட்டுக்குச் சிவப்பு வட்டம். 4,000 சொல்லுக்கு ஒரு கிழமை பிடிக்கும். அதிகம் பிழைப்பது பெரிய விடயங்களில் அல்ல, அன்றைய பதவியில்: அப்போது மேஜராக இருந்தவரை இன்றைய பிரிகேடியராக எழுதிவிடுவோம்.

குற்றம் சுமத்தப்படுகிறவருக்கு எண் போட்ட கேள்விகளாக, அவருடைய மொழியில், மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஏழு நாள் கொடுங்கள். "உங்கள் கருத்து வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பது கேட்காததற்குச் சமம். இன்ன திகதி, இன்ன இடம், இன்ன செயல் என்று இருக்க வேண்டும். பதில் வந்தால் சாரத்தைக் குறைக்காமல் கட்டுரைக்குள்ளேயே போடுங்கள், அடியில் பெட்டிகட்டி ஒதுக்க வேண்டாம்.

குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது, ஆனால் குடியியல் வழக்கு இன்னும் உண்டு. நடந்துகொண்டிருக்கும் வழக்கைத் தொடும் வரிகளை 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தோடு வைத்து ஒரு சட்டத்தரணி வாசிக்க வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம், பெயரை மட்டுமல்ல, பாடசாலையையும் உறவையும் போட்டாலும் அடையாளம்தான். இணையப் பதிப்புக்கு 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் தொழிலில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பத்திரிகையாளர் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19இல் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். சிவராம் 2005 ஏப்ரல் 28இல் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8இல் வேலைக்குப் போகும் வழியில் தாக்கிக் கொல்லப்பட்டார். பாதுகாப்பு ஏற்பாட்டை இவற்றை மனதில் வைத்துச் செய்யுங்கள். மூலங்களுக்கு எண் கொடுங்கள், எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் கணினியில் இருக்கக்கூடாது. சிக்னல் செயலியில் செய்தி அழியும் நேரத்தை இரு பக்கமும் போடுங்கள். ஆவணத்தைப் போனில் படமெடுத்தால் இடமும் நேரமும் படத்துக்குள் ஒட்டிக்கொள்ளும், அதை நீக்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று டெஸ்க்கில் ஒருவரும் வீட்டில் ஒருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கட்டுரை வெளிவந்தபின் பெட்டியைக் கட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அவதூறு நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை இரண்டு வருடம், அதுவரை ஒலிப்பதிவும் கையெழுத்துக் குறிப்பும் பற்றுச்சீட்டும் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் தொலைபேசி அழைப்புகளும் வரும், பெரும்பாலும் இரவில். "நீங்க எழுதின அந்த ஆளை நானும் அண்டைக்குக் கண்டனான்" என்று ஒருவர் சொல்வார். அப்போது முதலில் திறக்க வேண்டியது காலவரிசைத் தாளை, 301ஆவது வரிசையில்.